ஓடாத வண்டியின் எண்ணெய்

எங்கள் வீட்டு போர்டிகோவில் என் மாமனாரின் கார் நான்கு வருடம் நின்றது. நின்றது என்று சொன்னால் என் கணவருக்குக் கோபம் வரும். "ஞாயித்துக்கிழமையானா ஸ்டார்ட் பண்றோமே, அப்புறம் இன்னா நின்னுச்சு?" என்பார். உண்மைதான். ஞாயிறு காலையில் குளித்து, நெற்றியில் ஸ்ரீசூர்ணம் இட்டுக்கொண்டு, கார் சாவியைப் பூஜை அலமாரிக்கு ஒருமுறை காட்டிவிட்டு வந்து டிரைவர் சீட்டில் உட்காருவார். இன்ஜின் உறுமும். ஸ்டியரிங்கில் இரண்டு கைகளையும் வைத்துக்கொண்டு, எதிரே இருக்கும் காம்பவுண்டுச் சுவரைப் பார்த்துக்கொண்டு பத்து நிமிடம் அப்படியே இருப்பார். பிறகு அணைத்துவிட்டு, கண்ணாடியைத் துடைத்து, உறையைப் போட்டு மூடிவிடுவார். வண்டி ஒரு அடிகூட நகர்ந்திருக்காது.

அந்தப் பத்து நிமிடமும் மாமாவுக்காகத்தான். தாலுகா ஆபீசில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர் என் மாமனார். ஓய்வுக்கு முந்திய வருடம் வாங்கிய வண்டி அது. அதில் மாமியாரை உட்காரவைத்து ஊர் ஊராகக் கோவிலுக்குப் போனார். மாமியார் போய்ச் சேர்ந்தார். அதற்குப் பிறகு வந்த பக்கவாதம் மாமாவின் வலது பக்கத்தையும் பேச்சில் முக்கால்வாசியையும் எடுத்துக்கொண்டது. போர்டிகோவைப் பார்த்த ஜன்னலோரம் அவருக்குக் கட்டில் போட்டோம். ஞாயிற்றுக்கிழமை இன்ஜின் சத்தம் கேட்டால் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். வண்டி உயிரோடு இருக்கும்வரை தானும் எழுந்துவிடலாம் என்று அவர் நினைத்திருக்க வேண்டும். அந்த நினைப்பைக் கெடுக்க எங்கள் இருவருக்கும் மனசு வரவில்லை.

என்னைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். நான் சங்கரன்கோவில் பக்கம். இருபது வயதில் ஸ்ரீபெரும்புதூருக்கு வேலைக்கு வந்து, ஹாஸ்டல் அறையில் ஆறு பேரில் ஒருத்தியாகப் படுத்து எழுந்து, செல்போன் பாகங்கள் செய்யும் ஒரு கம்பெனியில் லைன் லீடர்வரை ஆனவள். உள்ளூர்க்காரரைக் கட்டிக்கொண்டதால் இங்கேயே தங்கிவிட்டேன். மாமா விழுந்ததும் யாராவது ஒருவர் வேலையை விட வேண்டியிருந்தது. அது யார் என்று எங்கள் வீட்டில் பேச்சே நடக்கவில்லை. மறு வாரம் நான் கம்பெனி அடையாள அட்டையைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தேன்.

படுத்தே இருப்பவருக்கு முதுகில் புண் வரக்கூடாது என்றால் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். ஆஸ்பத்திரியில் நர்ஸ் சொல்லிக் கொடுத்தது அது. இடப்பக்கம், மல்லாந்து, வலப்பக்கம், மறுபடி மல்லாந்து. முதுகுக்கு ஒரு தலையணை, முழங்கால்களுக்கு நடுவே ஒன்று. நான்கு வருடத்தில் அவருக்கு ஒரு புண்கூட வரவில்லை. இதைப் பெருமையாகவே சொல்கிறேன், வேறு யாரும் சொல்லப்போவதில்லை. ஆனால் காய்கறிக்குப் போனாலும், ரேஷனுக்குப் போனாலும், ஒரு கல்யாணத்துக்குப் போய்த் தலையைக் காட்டினாலும் என் கயிற்றின் நீளம் இரண்டு மணி நேரம்தான். நான்கு வருடம் நான் அதற்குள்தான் மேய்ந்தேன்.

என் கணவர் கெட்டவர் இல்லை. ஒரகடத்தில் ஒரு கார் கம்பெனியில், இன்ஜினுக்கு எண்ணெய் நிரப்பும் இடத்தில் பதினோரு வருடமாக நிற்கிறார். வாரத்துக்கு ஒருமுறை ஷிப்ட் மாறும். காலை ஷிப்ட் என்றால் விடிவதற்கு முன் கம்பெனி பஸ் வந்துவிடும். ஞாயிற்றுக்கிழமை மதியத்துக்கு மேல் ஓவர்டைம், ஓ.டி. வீட்டுக்கு வந்தால் சாப்பிடுவார், அப்பாவின் காலைக் கொஞ்ச நேரம் பிடித்துவிடுவார், தூங்குவார். அவர் லைனில் எண்ணெயை மெஷின்தான் அளந்து ஊற்றும். ஒரு சொட்டு கூடினாலும் குறைந்தாலும் விளக்கு எரியும். ஒரு நாளைக்கு எத்தனையோ இன்ஜின்கள் அவர் கையைத் தாண்டிப் போகின்றன, அத்தனையும் புதுசு. ஊற்றுகிற எண்ணெயைத்தான் அவருக்குத் தெரியும். ஓடி, கறுத்து, வடிகிற எண்ணெயை அவர் வாழ்நாளில் பார்த்ததில்லை.

எங்கள் வண்டிக்குக் கடைசியாக ஆயில் மாற்றியது மாமா நடமாடிய காலத்தில். முன்கண்ணாடியின் மூலையில் அதற்கான சீட்டு ஒட்டியிருந்தது: அடுத்த மாற்றம் ஐயாயிரம் கிலோமீட்டர் அல்லது ஆறு மாதம், இரண்டில் எது முன்னால் வருகிறதோ அப்போது. நான் அதைக் கணவரிடம் ஒருமுறை காட்டினேன். "முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடல, அதுக்குள்ள எதுக்கு ஆயில்?" என்றார். கிலோமீட்டரைப் படித்தார், மாதத்தைப் படிக்கவில்லை. கொல்லன் தெருவில் ஊசி விற்கப் போகக்கூடாது என்று நானும் வாயை மூடிக்கொண்டேன்.

ஒரு ஆனி மாத ஞாயிற்றுக்கிழமை. அவர் வண்டியை அணைத்துவிட்டுக் குளிரட்டும் என்று பானெட்டைத் திறந்து வைத்திருந்தார். நான் துணியோடு போய்த் தூசி துடைத்தேன். எண்ணெய் ஊற்றும் மூடி லேசாக இருந்தது. முறுக்கலாம் என்று எடுத்துப் பார்த்தால் மூடியின் அடியில் வெள்ளையாக, பால் காபியில் படியும் ஆடை மாதிரி ஏதோ அப்பியிருந்தது. அவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். முகம் வெளுத்துவிட்டது. போனில் ஏதேதோ வீடியோ பார்த்தார். எல்லா வீடியோவும் ஒரே பாட்டைத்தான் பாடின. "ஹெட் கேஸ்கெட் போச்சு. தண்ணி ஆயிலோட கலந்துடுச்சு. இன்ஜின் அவ்ளோதான்" என்றார். அப்பாவிடம் சொல்லாதே என்று ஜாடை காட்டிவிட்டு உறையைப் போட்டு மூடினார்.

எனக்கு மனசு ஆறவில்லை. வண்டி மேல் பெரிய பாசம் என்றெல்லாம் இல்லை. வெளியே ஒரு வண்டி இருக்கிறது என்ற நினைப்பு எனக்கும் வேண்டியிருந்தது போல. பென்னலூரில் சின்னதாக ஷெட் வைத்திருக்கும் ஒரு மெக்கானிக்கின் நம்பரை எதிர் வீட்டு அக்கா கொடுத்தாள். கணவர் ஷிப்டில் இருந்த ஒரு நாள் மெக்கானிக் பைக்கில் வந்தார். ஐம்பது வயதுக்காரர், பேச்சும் வேகம், கையும் வேகம். மூடியைப் பார்த்தார். அளவுக் குச்சியை உருவித் துடைத்து, மறுபடி விட்டு எடுத்துப் பார்த்தார். ரேடியேட்டர் தண்ணீரைப் பார்த்தார்.

"யார்மா கேஸ்கெட் போச்சுன்னது?" என்று கேட்டார்.

நான் கணவரைக் காட்டிக் கொடுக்காமல் "சும்மா, சொன்னாங்க" என்றேன்.

"தண்ணி கொறயல. ஆயிலு ஏறல. குச்சில வெள்ளையே இல்ல, மூடில மட்டும்தான் கீது. வண்டிய ஸ்டார்ட் பண்ணிகினு எங்கியும் போறதில்லயா?"

ஞாயிற்றுக்கிழமைப் பத்து நிமிடத்தைச் சொன்னேன். தலையில் அடித்துக்கொண்டார்.

"அதாம்மா வியாதியே. இன்ஜினு சூடாவறதுக்குள்ள அணைச்சா உள்ள வேர்த்துக்கும். அந்தத் தண்ணி வெளிய போவ வழியில்லாம எண்ணெயிலயே கலந்துக்கும். வாரா வாரம் வண்டிக்கு நல்லது பண்றோம்னு நெனச்சிகினு நீங்களே கெடுத்துகினு கீறீங்க. ஸ்டார்ட் பண்ணாம சும்மா வுட்டிருந்தாகூட இதவிடத் தேவலாம்."

அங்கேயே போர்டிகோவில் மாற்றினார். முதலில் இன்ஜினைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டார், எண்ணெய் இளகட்டும் என்று. அடியில் படுத்து நட்டைக் கழற்றினார். கறுப்பாக, பெட்ரோல் வாடையோடு, கூழ் மாதிரி மெதுவாக இறங்கியது. அது முழுக்க வடிய நேரமானது. ஃபில்டரையும் மாற்றி, புது எண்ணெயை ஊற்றி, ஓடவிட்டு, அணைத்து, குச்சியை எடுத்துக் காட்டினார். தேன் நிறத்தில் இருந்தது. ஜன்னல் வழியாக மாமா எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார். அன்று அவருக்கு இட்லி இரண்டு கூடுதலாக இறங்கியது.

போகும்போது மெக்கானிக் சொன்னதுதான் எனக்கு முக்கியம். "ஆயிலு மாத்திட்டேன்னு சும்மா இருந்துடாத. ஓடலன்னாலும் வருசத்துக்கு ரெண்டு தபா மாத்து. வாரத்துக்கு ஒரு தபா ரோட்ல எடுத்து நல்லா முக்கா மணி நேரம் ஓட்டணும். மீட்டர்ல சூடு காட்டற முள்ளு நடுவுல வந்துடுச்சுன்னு திரும்பிடாத. அது தண்ணி சூடு. எண்ணெய் சூடாவ இன்னும் நேரமாவும். யாரு ஓட்டுவாங்க வூட்ல?"

யார் ஓட்டுவார்கள் என்று யோசித்தேன். என் பீரோவில், கல்யாணப் புடவைக்கு அடியில், ஒரு டிரைவிங் லைசென்ஸ் இருந்தது. ஹாஸ்டலில் இருந்தபோது நாங்கள் மூன்று பேர் பந்தயம் கட்டி, ஓ.டி. காசில் டிரைவிங் ஸ்கூலுக்குப் போய் வாங்கியது. அதற்குப் பிறகு நான் ஸ்டியரிங்கைத் தொட்டது தூசி துடைக்க மட்டும்தான்.

"நான் ஓட்டுவேன்" என்றேன்.

கணவர் உடனே சரி என்று சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. அவருக்கு நேரமில்லை என்பது அவருக்கே தெரியும். கேஸ்கெட் போகவில்லை என்ற சந்தோஷம் வேறு. "லாரிக்காரன் பக்கத்துல போவாத. பிரேக்க முன்னாடியே புடி" என்று இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்துவிட்டு, மூன்றாம் நாள் டயருக்குக் காற்றடித்துக் கொடுத்தார். புதன்கிழமை என்று முடிவானது. எதிர் வீட்டு அக்கா வந்து மாமாவோடு உட்காருவாள். நான் வரும்போது அவளுக்குப் பூவும் கீரையும் வாங்கி வரவேண்டும். மாமாவைப் புரட்டிப் படுக்க வைத்துவிட்டுக் கிளம்பினால், அடுத்த முறை புரட்டும் நேரத்துக்குத் திரும்பிவிடலாம். அக்காவுக்குப் புரட்டத் தெரியாது, இடுப்பு வலிக்காரி.

முதல் புதன்கிழமை தெருமுனைவரை முதல் கியரிலேயே போனேன். ஒரகடம் சாலையில் ஏறியதும் கண்டெய்னர் லாரிகள் இரண்டு பக்கமும் சுவராக எழுந்தன. இடப்பக்கமே ஒண்டி ஒண்டிப் போனேன். பின்னால் வந்தவர்கள் ஹாரனாலேயே என் பரம்பரையைத் திட்டினார்கள். வடக்குப்பட்டு தாண்டும்போது முள் நடுவில் வந்து நின்றது. மெக்கானிக் சொன்னபடி திரும்பவில்லை. கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, ஏன் என்று தெரியாமல், வாய்விட்டுத் திட்ட ஆரம்பித்தேன். கம்பெனியை, கணவரை, பக்கவாதத்தை, செத்துப்போன மாமியாரை, ஓ.டி.யை, என் ஊரை. நான்கு வருடமாக வீட்டுக்குள் மெதுவாகவே பேசிப் பழகியிருந்த என் தொண்டைக்கு அவ்வளவு சத்தம் இருப்பதே மறந்துபோயிருந்தது. சிங்கப்பெருமாள் கோவில் போய்ச் சேர்ந்தபோது தொண்டை கட்டியிருந்தது, மனசு லேசாகியிருந்தது.

அங்கே ஸ்டேஷன் பக்கம் ஓரமாக நிறுத்தி ஒரு டீ குடித்தேன். ரயிலிலிருந்து இறங்கிய பையன்கள் பையும் டிபன் கேரியருமாக ஷேர் ஆட்டோக்களில் தொற்றிக்கொண்டிருந்தார்கள். பாதிப் பேர் எங்கள் பக்கத்துப் பேச்சு. யாரும் என்னைப் பார்க்கவில்லை. யாருக்கும் நான் எதுவும் செய்து கொடுக்க வேண்டியதில்லை. டீயை ஆற்றி ஆற்றிக் குடித்தேன். இருபது வயதில் இதே ஸ்டேஷனில் நானும் பையோடு இறங்கியிருக்கிறேன். அன்றைக்கு எனக்கு இருந்த திமிர் எங்கே போனது என்று நினைத்தபோது கொஞ்சம் அழுகை வந்தது. பிறகு மணியைப் பார்த்து ஓடினேன்.

ஆடியில் தொடங்கியது ஐப்பசிவரை தவறவில்லை. வேறு எங்கும் போகவில்லை; அதே சாலை, அதே டீக்கடை, அதே திருப்பம். மூடியின் அடி சுத்தமாகிவிட்டது. மாதம் ஒருமுறை திறந்து பார்ப்பேன், பளபளவென்று இருக்கும். மாமாவும் மாறினார். புதன்கிழமை நான் சாவியை எடுத்தால் நல்ல கையைத் தூக்கி, வாசலைக் காட்டி, "போ" என்பார். அவரிடம் மிச்சமிருந்த சொற்களில் அது ஒன்று. வாரத்தின் மற்ற ஆறு நாளையும் நான் அந்த இரண்டு மணி நேரத்தை நினைத்துத்தான் தள்ளினேன்.

அப்போதுதான் கணவர் அந்த யோசனையோடு வந்தார். எங்கள் தெருவில் போர்டிகோ என்று ஒன்று மிச்சமிருப்பது எங்கள் வீட்டில் மட்டும்தான். மற்றவர்கள் எல்லோரும் சுவர் எழுப்பி, ஒரு பாத்ரூம் கட்டி, கம்பெனிப் பையன்களுக்கு வாடகைக்கு விட்டுவிட்டார்கள். தென்மாவட்டத்துப் பையன்கள், ஒரு அறைக்கு நாலு பேர். "நம்மளும் கட்டிடலாம். வண்டி இப்பதான் சூப்பரா ஓடுது. இப்ப வித்தா நல்ல வெல போவும்" என்றார். என்னைச் சந்தோஷப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு மேலும் சொன்னார்: "பசங்க உங்க ஊர்க்காரனுங்கதான். உன் கைச் சோறுன்னா வுடவே மாட்டானுங்க. நீ வூட்லதான இருக்க, நாலு பேருக்கு சேத்து ஆக்கினா ஆச்சு."

நீ வீட்டில்தானே இருக்கிறாய். அந்த ஒரு வார்த்தை என்னைச் சுட்டது. வண்டியைப் பார்த்துப் பார்த்துச் சரியாக்கியது நான். சரியானதாலேயே அது விலைக்குப் போகிறது. நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. ஏன் வேண்டாம் என்று கேட்டால் என்ன சொல்வது? புதன்கிழமை டீ குடிக்க வேண்டும் என்றா? அதைக் காரணமாகச் சொல்ல எனக்கே கூச்சமாக இருந்தது. அப்பா வருத்தப்படுவார் என்று மட்டும் சொன்னேன். பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்றார். மூன்று வாரத்தில் வாலாஜாபாத் பக்கத்திலிருந்து ஒருவர் வண்டி பார்க்க வருவதாக ஏற்பாடானது.

அந்த மூன்று வாரத்தில் நான் செய்த காரியத்தை இதுவரை யாரிடமும் பெருமையாகச் சொன்னதில்லை. வண்டியைச் சரியாக்குவது எப்படி என்று மெக்கானிக் சொல்லிக் கொடுத்திருந்தார். கெடுப்பது எப்படி என்றும் அதே வாயால் சொல்லியிருந்தார். ஐப்பசி மழை நன்றாகப் பிடித்துக்கொண்ட நேரம். கணவர் ஷிப்டுக்குப் போனதும், தினமும் வண்டியில் உட்கார்ந்து ஸ்டார்ட் செய்து, ஐந்து நிமிடம் ஓடவிட்டு, சூடாவதற்குள் அணைத்தேன். அவர் திரும்புவதற்குள் இன்னொரு தடவை. மழையைச் சாக்காகச் சொல்லிப் புதன்கிழமைகளிலும் வெளியே எடுக்கவில்லை. வெளியே போகும் உரிமைக்காக, மூன்று வாரம் போர்டிகோவுக்குள்ளேயே ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கணவர் உட்கார்ந்த அதே மாதிரி. எனக்கே சிரிப்பு வந்தது, சிரிக்கத்தான் முடியவில்லை.

புகை மாமாவின் ஜன்னலுக்குள் போனது. இருமினார். ஜன்னலைச் சாத்தினேன். அவருக்கு இருந்த ஒரே வெளியுலகம் அது. முதல் புதன்கிழமை அவர் வாசலைக் காட்டி "போ" என்றார். "மழை மாமா" என்றேன். இரண்டாவது புதன்கிழமை மழை இல்லை. வெயில் சாத்திய ஜன்னலின் இடுக்கு வழியாக அவர் முகத்தில் விழுந்தது. "போ... போ..." என்று கையைத் தூக்கிக்கொண்டே இருந்தார். நான் சமையலறைக்குள் போய்க் குழாயைத் திறந்துவிட்டு நின்றுகொண்டேன். இவ்வளவு நாள் பார்த்துக்கொண்டதையெல்லாம் அந்த மூன்று வாரத்தில் நானே அழித்துவிட்டதாகத் தோன்றியது.

மூடியில் வெள்ளை வந்துவிட்டது. பத்தாம் நாளே லேசாகத் தெரிந்தது, மூன்றாம் வாரம் விரலால் வழிக்கலாம் போல இருந்தது.

சனிக்கிழமை வந்தவர் விவரமானவர். வண்டியைச் சுற்றி வந்தார், கதவுகளைத் தட்டிப் பார்த்தார், பிறகு நேராக பானெட்டைத் திறந்து மூடியைக் கழற்றினார். ஆள்காட்டி விரலில் எடுத்து என் கணவரிடம் நீட்டினார். "இன்னா சார், இதச் சொல்லவே இல்லையே" என்றார். தண்ணீரையோ குச்சியையோ பார்க்கவில்லை. விரலைத் துடைத்துக்கொண்டு வந்த வழியே போய்விட்டார். நான் வாசற்படியில் நின்றிருந்தேன். ஜெயித்துவிட்டேன் என்று ஒரு நிமிடம் நினைத்தேன்.

கிணறு வெட்டப் பூதம் கிளம்பியது மறுநாள் காலை. என் கணவர் ராத்திரி சரியாகத் தூங்கவில்லை என்பது கண்ணில் தெரிந்தது. காபியைக்கூடக் குடிக்காமல் வண்டியின் முன்பெட்டியைத் திறந்து, மாமாவின் பழைய கண்ணாடி, கோவில் ரசீதுகள், மாமியாரின் கைக்குட்டை எல்லாவற்றையும் ஒவ்வொன்றாக எடுத்து ஒரு பையில் போட்டார்.

"இன்னா பண்றீங்க?" என்றேன்.

"காயலான் கடக்காரன வரச் சொல்லிட்டேன். பதினோரு மணிக்கு டெம்போ வருது. இன்ஜின் போன வண்டிய எவன் வாங்குவான்? வெட்டி எடுத்துனு போவட்டும்." போனைக் கையில் எடுத்தார். "அதுக்கு முன்னாடி அந்தப் பென்னலூரானக் கேக்கணும். நல்லா கீதுன்னு சொல்லி ஏமாத்தி இருக்கான். ஆயில மாத்துனா சரியாவும்னான். வந்துட்டுது பாரு திரும்ப. இன்னிக்கி அவன் ஷெட்டுக்கே போயி நாலு பேரு முன்னாடி கேக்கறேன்."

வண்டி வெட்டுப்பட்டுப் போவதும், ஒரு தப்பும் செய்யாத ஒரு மனுஷன் தெருவில் அவமானப்படுவதும் என் கண்முன்னே வந்தன. கோபம் வந்தாலும் பயம் வந்தாலும் என் பேச்சு ஊருக்குப் போய்விடும்.

"அவர ஒண்ணும் கேக்காதிய. நாந்தான் கெடுத்தேன்."

"இன்னாத்த?"

"வண்டிய. மூணு வாரமா தெனம் ரெண்டு தடவ ஸ்டார்ட் பண்ணி, சூடாகுறதுக்கு முந்தி அணைச்சேன். வெள்ள வரணும்னுதான் செஞ்சேன். கேஸ்கெட்டுக்கு ஒண்ணும் இல்ல. எண்ணெய மாத்திட்டு நாலு நாள் ஓட்டினா எல்லாம் சரியாப் போயிரும்."

அவர் போனைக் கீழே இறக்கினார். கத்துவார் என்று எதிர்பார்த்தேன். கத்தினால் திருப்பிக் கொடுக்க நான்கு வருடத்துப் பதில் என் நாக்கில் தயாராக இருந்தது. அவர் கத்தவில்லை.

"எதுக்கு?" என்றார்.

"வண்டி போயிட்டா நான் எங்க போக?"

"இப்ப எங்க போற நீ?"

"எங்கயும் போகல. சிங்கப்பெருமாள் கோவில் வரைக்கும் போறேன். ஒரு டீ குடிக்கேன். அந்தப் பசங்கள வேடிக்க பாக்கேன். திரும்பி வாரேன்."

"அவ்ளோதானா?"

"அவ்வளவுதான்."

அவர் முன்சீட்டில் உட்கார்ந்தார், கால் இரண்டும் வெளியே தரையில் இருக்க. மடியில் அந்தப் பை. "வாரத்துல ரெண்டு மணி நேரம்" என்றார். எனக்குச் சொல்வது போலவும் இல்லை, தனக்குச் சொல்வது போலவும் இல்லை. "ரெண்டு மணி நேரத்துக்காகவா இவ்ளோ பண்ண?"

கிண்டலாகக் கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன். அவர் நிஜமாகவே கேட்டார். அப்போதுதான் எனக்கு உடைந்தது. அதுவரை நான் ஏதோ பெரிய திருட்டு செய்துவிட்டதாகத்தான் நினைத்திருந்தேன். நான் கேட்டது எவ்வளவு கொஞ்சம் என்பது அவர் வாயிலிருந்து வந்தபோதுதான் எனக்கே தெரிந்தது. அதைக்கூட வாய் திறந்து கேட்காமல், ஒரு இன்ஜினைக் கெடுத்து, ஒரு நோயாளியின் ஜன்னலைச் சாத்தி, அப்படி வாங்கப் பார்த்திருக்கிறேன். வாசற்படியில் உட்கார்ந்து சத்தம் போட்டு அழுதேன். தெருவில் போனவர்கள் பார்த்தார்கள், பார்க்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அவர் டெம்போக்காரனுக்குப் போன் செய்து வரவேண்டாம் என்றார். என் பக்கத்தில் வந்து நின்றார். என்ன செய்வதென்று தெரியவில்லை போலும், என் தலையைத் தொடப் போனார், தொடவில்லை. உள்ளே மாமா முனகினார். புரட்டிப் படுக்க வைக்கும் நேரம் தாண்டியிருந்தது. நான் எழப் போனேன். "நீ இரு, நான் பாக்கறேன்" என்று சொல்லிவிட்டு அவர் வேகமாக உள்ளே போனார். கட்டில் கிறீச்சிட்டது. ஒரு தலையணை கீழே விழுந்தது.

"இந்தா," என்று உள்ளேயிருந்து குரல் வந்தது. "இப்ப எந்தப் பக்கம் படுக்க வெக்கணும்?"

நான்கு வருடத்தில் அவர் அதைக் கேட்டது அதுதான் முதல் தடவை. நான் எழுந்து போகவில்லை. உட்கார்ந்த இடத்திலிருந்தே சொன்னேன்.